இருநூற்றுப் பத்து பவுண்டும் நாலு கையும்

என்னைத் தூக்கியவர்கள் மிகச் சிலர். குழந்தையில் தூக்கியவர்களைச் சேர்க்க வேண்டாம். அப்போது நான் தூக்குகிற அளவில் இருந்தேன் என்று சொல்கிறார்கள். வளர்ந்து, இருநூற்றுப் பத்து பவுண்டு ஆன பிறகு என்னைத் தூக்கிய ஒருவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், "என்னத்துக்குச் சாமி இந்த வேலை?" என்று கோபித்துக்கொள்வார். அவர் கோபத்துக்கு எனக்கு இன்றைக்கும் பயம் உண்டு.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. ஊரே ரேஷன் கார்டைப் பிடித்துக்கொண்டு இளைத்துக்கொண்டிருந்தது. நான் மட்டும் இளைக்கவில்லை. பம்பாய்க் கோட்டைப் பக்கம் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம். கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. ரேஷன் கடை வரிசையில் என்னைப் பார்க்கிறவர்கள், இந்தப் பாலக்காட்டுக்காரனுக்கு ஏதோ திருட்டு வழியில் அரிசி வருகிறது என்றே நம்பினார்கள். ஒரு மணி அரிசி கூட வரவில்லை. உடம்பு வாகு அப்படி. ஜூலை மழையில் ஒரு நாள் காலை, மாதுங்கா ஸ்டேஷன் படியில் வழுக்கி விழுந்து வலது தொடை எலும்பை முறித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியின் பெயரும் வேண்டாம். கிங்ஸ் சர்க்கிளில் டிராம் ஏறினால் போய்விடலாம், அவ்வளவு போதும். ஆண்கள் வார்டில் இருபத்திரண்டு கட்டில்கள். ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோய்ப் பதினேழாம் நம்பர் கட்டிலுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினார்கள். சுமந்து வந்த இரண்டு ஆட்களும் என்னைக் கட்டிலில் கவிழ்த்துவிட்டு ஓடிவிடுகிற அவசரத்தில் இருந்தார்கள். அப்போது வார்டின் அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தாம்பா!"

தாம்பா என்றால் மராத்தியில் 'நில்லுங்கள்' என்று அர்த்தம். டிராமை நிறுத்தவும் பால்காரனை நிறுத்தவும் பம்பாயில் அந்த ஒரு வார்த்தை போதும். ஆனால் அவர் சொன்னது போல யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. உரக்கச் சொல்ல மாட்டார். இரண்டாம் முறை சொல்லவும் மாட்டார். அந்த ஆட்கள் இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

உயரமான பெண்மணி. முப்பது வயதிருக்கும். வந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் கட்டிலைப் பார்த்தார், பிறகு என் வயிற்றைப் பார்த்தார், பிறகு திரும்பிப் போய்விட்டார். நான் வலியில் அலறிக்கொண்டிருக்கிறேன். ஒரு பலகை வந்தது. இன்னொரு நர்ஸ் வந்தார். மூன்றாவதாக ஒரு தமிழ் நர்ஸ் வந்தார். யார் எங்கே நிற்பது, யார் கை எங்கே என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். "காலை அகட்டி நில்லு. ஆளை உன் நெஞ்சோட சேத்துக்கோ. எட்டி நின்னு தூக்காத." தமிழ் கேட்டதும் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. என் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். ஈவு இரக்கம் இல்லாத ஜன்மம் என்று கூடச் சொன்னேன்.

"திட்டி முடிச்சாச்சா சாமி? இன்னும் ஒராளு வரணும். அது வரைக்கும் திட்டலாம்" என்றார்.

அந்த ஒராளும் வந்த பிறகு, "ஏக், தோன், தீன்" என்று மராத்தியில் மூன்று வரை எண்ணினார். கட்டிலில் இருந்தேன். எப்போது தூக்கினார்கள், எப்போது வைத்தார்கள் என்றே தெரியவில்லை. திட்டின வாய்க்கு என்ன செய்வது என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

வார்டு முழுதும் அவருக்கு 'தாம்பா சிஸ்டர்' என்று பெயர். கேலியாக வைத்த பெயர்தான். மற்ற நர்ஸுகள் ஒரு கட்டிலில் விரிப்பு மாற்றி முடிக்கிற நேரத்தில் இவர் இரண்டாவது ஆளுக்காகக் காத்துக்கொண்டு நிற்பார். சோம்பேறி என்று பேர். கர்வம் என்று பேர். "நாலு கை இல்லாம ஒருத்தரையும் தூக்க மாட்டேன்" என்பதுதான் அவருடைய ஒரே சட்டம். அதை டாக்டரிடமும் சொல்வார், கூட்டுகிறவரிடமும் சொல்வார்.

மூன்றரை மாதம் மல்லாந்து படுத்துக் கிடந்தவனுக்கு வேறு என்ன வேலை? காலில் கயிறு கட்டி, கயிற்றின் நுனியில் எடைக் கல்லைத் தொங்கவிட்டு, அசையாதே என்று விட்டுவிட்டார்கள். விட்டத்தைப் பார்த்து அலுத்த பிறகு நர்ஸுகளைப் பார்த்தேன். தப்பாக நினைக்க வேண்டாம். அவர்களுடைய முதுகுகளைப் பார்த்தேன். வார்டுக் கோடியில் துணி அலமாரி இருந்தது. ஒவ்வொரு நர்ஸும் அதன் மறைவுக்குப் போய், இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, மெள்ளப் பின்னால் வளைந்து, முகத்தைச் சுளித்துவிட்டு, மறுபடி சிரித்த முகத்தோடு வெளியே வருவார்கள். என் கட்டிலிலிருந்து மட்டும் அந்த மறைவு தெரியும். அதுவரை எனக்கு நர்ஸுகளுக்கு முதுகு வலிக்கும் என்ற எண்ணமே வந்ததில்லை. வலி என்பது படுத்திருக்கிறவனின் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கட்டில்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முழங்கால் உயரம் கூட இருக்காது. முதலில் எல்லாம் உயரமாகத்தான் இருந்தனவாம். வந்த நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் மில் தொழிலாளிகள். ஓர் அறையில் பத்துப் பேராகத் தரையில் படுத்துப் பழகினவர்கள். உயரத்தில் படுத்தால் விழுந்துவிடுவோம் என்று பயந்து, இறங்கிக் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்வார்களாம். காலையில் டாக்டர் வந்தால் மேலே தலையணை இருக்கும், கீழே நோயாளி இருப்பார். நிர்வாகக் கமிட்டி கூடி யோசித்து, எல்லாக் கட்டில்களின் கால்களையும் அரை முழம் அறுத்துவிட்டது. நல்லெண்ணத்தில் செய்த காரியம்தான். குனிகிறவர்கள் யார் என்று அந்தக் கமிட்டியில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

குனிவது ஒன்றுதானா? வெந்நீர் ஒத்தடம் என்று ஒன்று உண்டு. கொதிக்கிற தண்ணீரில் முக்கின கம்பளித் துணியை, இரண்டு முனையிலும் குச்சி கோத்த ஒரு துண்டுக்குள் வைத்து, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் முறுக்கிப் பிழிய வேண்டும். ஈரம் இருந்தால் நோயாளியின் தோல் வெந்துவிடும். ஒரு நாளில் நாற்பது ஐம்பது தடவை முறுக்குவார்கள். போதாக்குறைக்கு அப்போது புதிதாக வந்திருந்த பென்சிலின். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, வார்டில் பாதிப் பேருக்கு, கண்ணாடி ஊசிக்குழலைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஏற்ற வேண்டும். சாயங்காலம் ஆனால் பல நர்ஸுகள் கட்டைவிரலை மறு கையின் உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொண்டு நடப்பார்கள்.

தாம்பா சிஸ்டர் துணியைக் கையால் முறுக்க மாட்டார். ஒரு குச்சியைக் குழாயின் கழுத்தில் மாட்டிவிட்டு, மறு குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்வார். உடம்பின் பாரத்திலேயே துணி பிழிந்துவிடும். "கை முறுக்குறதுக்கு இல்ல, பிடிக்கிறதுக்குத்தான். பாரத்த உடம்பு பாத்துக்கிடும்" என்று சக நர்ஸுகளிடம் சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அவர் இல்லாத நேரத்தில் அதே குழாயில் மாட்டிச் சாய்வார்கள். அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் குடும்பங்களில் வளர்ந்தவனுக்குத்தான் அந்தப் புத்தி வரும். கல்யாணம் ஆன நாளிலிருந்து பெண்டாட்டி எதிரில் கூடச் சட்டை மாற்றக் கூசுகிறவன் நான். அந்நிய ஸ்திரீகள் இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று என் இடுப்பைத் தூக்கி, அடியில் பாத்திரம் வைப்பதை எப்படிச் சகிப்பேன்? ஒரு நாள் அவர்கள் வருவதற்குள், தலைமாட்டுக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை ஊன்றி, நானே இடுப்பை எழுப்பிவிட்டேன். தொடையில் 'கடக்' என்றது. சேர ஆரம்பித்திருந்த எலும்பு விலகிவிட்டது.

டாக்டர் கத்தினார். இனிமேல் கம்பியைத் தொட்டால் ஆயுளுக்கும் நொண்டிதான் என்றார். அவர் போன பிறகு தாம்பா சிஸ்டர் வந்தார்.

"என்னத்துக்குச் சாமி இப்படிச் செஞ்சிய?"

"இல்லே சிஸ்டர்... நான் ரொம்ப கனம். நீங்கள்ளாம் சிரமப்படறேள். எனக்கும் கொஞ்சம் சங்கோஜமா இருந்தது."

"உங்க கனம் எங்க பாடு. உங்க வெக்கத்துக்கு இப்ப மூணு வாரம் கூடிப் போச்சு. இனி ரெண்டையும் எங்கிட்ட விட்ருங்க."

என் கனத்தைக் குறைக்கவும் அவர் முயன்று பார்த்தார். என் மனைவி தினமும் சாயங்காலம் டிபன் காரியரோடு வருவாள். ஒரு நாள் அதன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டார். ரேஷன் சர்க்கரையை ஒரு மாதம் சேர்த்துவைத்துப் பண்ணின பாதுஷா உள்ளே இருந்தது.

"மாமி, இதுல ஒண்ணு இவர் தின்னா எத்தன பேரு முதுகு நோவும்னு தெரியுமா?"

என் மனைவிக்கு முகம் விழுந்துவிட்டது. "ஏன்னா, நான் ஆசையாப் பண்ணினது" என்று என்னைப் பார்த்தாள். சிஸ்டர் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போய் வார்டு நர்ஸுகள் எல்லாருக்கும் கொடுத்தார். திரும்பி வந்து, "நல்லா இருக்கு மாமி. தூக்குறவங்க தின்னா தப்பில்ல" என்றார். அதற்குப் பிறகு என் மனைவி எனக்கு மோர் சாதமும் அவர்களுக்குப் பட்சணமும் கொண்டுவர ஆரம்பித்தாள்.

பக்கத்துக் கட்டிலில் ரத்னகிரிப் பக்கத்து மில் தொழிலாளி ஒருவர், இடுப்பில் அடிபட்டுக் கிடந்தார். மராத்தியில் சித்தப்பா என்கிற அர்த்தத்தில் காகா என்று கூப்பிடுவோம். அவரும் நல்ல கனம். எங்கள் இருவரையும் சேர்த்துக் கனத்த ஆட்கள் ஐந்து பேரின் கட்டில்களுக்கும் சிஸ்டர் நான்கு காலுக்கும் மரக்கட்டை வைத்து உயர்த்தினார். எடைக் கல் தொங்குகிற கட்டிலுக்குக் கால் பக்கம் கட்டை வைப்பது டாக்டர்களே செய்கிறதுதான். இவர் தலைப் பக்கமும் அதைவிடச் சின்னக் கட்டை வைத்தார். "கால் பக்கம் டாக்டர் கட்ட, தல பக்கம் என் கட்ட" என்றார். இப்போது மெத்தை அவர்கள் இடுப்புக்குக் கிட்ட வந்தது. குனியாமல் வேலை செய்தார்கள். காகாவுக்குத்தான் விழுந்துவிடுவோமென்று பயம். சிஸ்டர் இரண்டு கம்பளிகளைச் சுருட்டி, விரிப்புக்கு அடியில் இரண்டு ஓரத்திலும் கரை மாதிரி வைத்தார். காகா அந்தக் கரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, அன்று மத்தியானமே குறட்டை விட்டார்.

இவ்வளவு சின்னக் காரியம்தான். நான்கு கட்டை, இரண்டு கம்பளி. கமிட்டி கட்டில் கால்களை அறுத்தபோது இதை யோசித்திருக்கலாம்.

அவருடைய கையைப் பற்றி எனக்கு எப்போது தெரிந்தது என்று சொல்கிறேன். முதலில் சில விசித்திரங்களைக் கவனித்தேன். மருந்துத் தட்டைக் கையால் பிடிக்காமல் இடது முன்கையில் ஏந்திக்கொண்டு வருவார். குழாயை முழங்கையால் திறப்பார். ஊசி போடும்போது குழலைக் கட்டைவிரலால் அழுத்தாமல் உள்ளங்கையால் அழுத்துவார். எல்லாம் ஒரு தினுசு கம்பீரத்தோடு நடக்கும். பார்க்கிறவர்களுக்கு அது அவருடைய பாணி என்று தோன்றும். ஒரு நாள் எனக்குக் கஞ்சி கொடுக்க வந்தவரின் வலது கையிலிருந்து கோப்பை நழுவி விழுந்தது. கோப்பையில் பாரமே இல்லை. விரல்கள் அதைப் பிடித்திருந்தன; கட்டைவிரல் மட்டும் விட்டுவிட்டது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"சாமி, நீங்க ஒண்ணும் பாக்கல."

"பார்க்கலை."

"பாத்தாலும் சொல்லப்படாது."

துடைத்துக்கொண்டே தணிந்த குரலில் சொன்னார். ஏழு வருஷ வேலையில், குழாயில் மாட்டும் வழி தெரிவதற்கு முன் முறுக்கின ஒத்தடத் துணிகளும் அழுத்தின ஊசிக்குழல்களும் வலது மணிக்கட்டைத் தின்றுவிட்டன. முதுகிலும் பாதி போய்விட்டது. வருஷா வருஷம் அக்டோபரில் எல்லா நர்ஸுகளையும் டாக்டர் பரிசோதிப்பார். கையை நீட்டு, மடக்கு, குனி, நிமிர். தேறாதவர்களுக்கு அன்றைக்கே சீட்டு. வேலையும் போகும், நர்ஸுகள் விடுதியில் இருக்கிற கட்டிலும் போகும். அப்பா தாராவியில் தோல் பதனிடுகிற இடத்தில் வேலை செய்து மூச்சிரைப்போடு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு தங்கைகள். நாலு பேர் சாப்பாடும் அந்த ஒரு கையில் இருந்தது.

"என்கூடப் படிச்சவ ஒருத்தி இருந்தா. கூப்பிட்ட கொரலுக்கு ஓடுவா. ஒத்தையில ஆளத் தூக்குவா. மேட்ரன் எங்களக் கூப்பிட்டு, அவளப் பாத்துப் படிங்கன்னு சொல்லுவாவ. நாலே வருசம். கூன் விழுந்து போனா. போகையில 'நல்ல வேலைக்காரி'ன்னு ஒரு காயிதம் எழுதிக் குடுத்தாவ. முதுகத் திருப்பிக் குடுக்க முடியுமா? அன்னைக்குப் பிடிச்சேன் சாமி இந்த நாலு கையை."

அப்போதுதான் புரிந்தது. அந்தச் சட்டம் அவருக்கு மறைவாகவும் இருந்தது. நான்கு கைகள் சேர்ந்து தூக்கும்போது ஒரு கைக்குப் பிடி இல்லை என்பது யாருக்கும் தெரியாது. சோம்பேறி, கர்வி என்ற பெயரெல்லாம் அவர் விரும்பி வாங்கிக்கொண்டது. நொண்டிக் கை என்ற பெயர் வராமல் இருந்தால் போதும் என்று இருந்தார். அன்றிலிருந்து அக்டோபர் வருகிறதே என்று எனக்கும் கவலை பிடித்துக்கொண்டது.

மேட்ரன், அதாவது நர்ஸுகளின் தலைவி, வெள்ளைக்கார அம்மாள். கொடுமைக்காரி என்று சொல்ல மாட்டேன். வரிசைதான் அவருக்குப் பைத்தியம். திங்கட்கிழமைதோறும் வார்டைச் சுற்றி வருவார். கட்டில்கள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், ஒரே உயரத்தில் விரிப்பு மடிந்திருக்க வேண்டும். எனவே திங்கட்கிழமை காலையில், எழுந்து நடக்கிற நோயாளிகள் நான்கு நான்கு பேராகச் சேர்ந்து எங்கள் தலைப் பக்கத்துக் கட்டைகளை உருவி ஒளித்துவைப்பார்கள். காகாவுக்கு எல்லாக் கட்டைகளும் போகும். மேட்ரன் போனதும் மறுபடி வைப்பார்கள். வார்டு முழுதும் இந்தச் சதியில் பங்காளிகள். காகா படுத்தபடியே "ஏக், தோன், தீன்" எண்ணுவார்.

செப்டம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, யாரும் எதிர்பாராத நேரத்தில் மேட்ரன் உள்ளே வந்தார். பின்னால் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள், பயிற்சி நர்ஸுகள். பதினெட்டு வயதிருக்கும், கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பில் விறைத்துக்கொண்டு நின்றார்கள். மேட்ரன் உயர்ந்து நிற்கிற ஐந்து கட்டில்களையும் பார்த்தார். இது யாருடைய வேலை என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"என்னுடையது" என்றார் தாம்பா சிஸ்டர், அவரும் ஆங்கிலத்தில். பேசினது முழுதும் எனக்குக் கேட்டது, தமிழில் எழுதுகிறேன்.

கட்டில் உயரமாக இருந்தால்தான் வேலை செய்ய முடியும் என்றால் உன் முதுகில் கோளாறு என்று அர்த்தம், அக்டோபர் வரை காத்திருக்க வேண்டுமா என்று மேட்ரன் கேட்டார். மேட்ரன் என் கட்டிலைக் காட்டினார். இவரைத் தூக்கி விரிப்பை மாற்று, தனியாக, இந்தப் பெண்கள் பார்க்கட்டும், என்றார். மாற்றிவிட்டால் கட்டைகளைப் பற்றி நான் மறந்துவிடுகிறேன் என்றும் சொன்னார்.

சிஸ்டர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இரண்டு கையையும் மெதுவாகத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கம்பிகளைப் பற்றிக்கொண்டேன். இவர் சும்மா கையை அடியில் வைத்தால் போதும், நானே எழும்பிவிடுவேன். எலும்பு விலகினால் விலகட்டும். நொண்டி குமாஸ்தாவை ஆபீஸில் வைத்துக்கொள்வார்கள். கை போன நர்ஸை யார் வைத்துக்கொள்வார்கள்? என் வாழ்க்கையில் தைரியமாக நான் செய்யத் துணிந்த காரியம் அது ஒன்றுதான். தூக்குங்கள் என்று கண்ணால் சொன்னேன்.

அவர் புரிந்துகொண்டார். என்னைப் பார்த்தார். பிறகு அந்த இரண்டு பெண்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களில் ஒருத்தி, தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருநூற்றுப் பத்து பவுண்டை நாளைக்கு நாமும் இப்படித் தூக்க வேண்டுமே என்று யோசித்திருப்பாள்.

"கைய எடுங்க சாமி" என்றார் சிஸ்டர், தமிழில்.

நான் எடுக்கவில்லை.

"எடுங்க. காலு போயிரும். சொன்னாக் கேளுங்க."

எடுத்தேன். அவர் மேட்ரன் பக்கம் திரும்பினார். வலது கையை முன்னால் நீட்டினார். கட்டைவிரல் உள்ளே மடங்கிக் கிடந்தது.

"தனியாக என்னால் முடியாது. என் கை போய்விட்டது. இந்த வார்டில்தான் போயிற்று. கை நன்றாக இருந்தாலும் தனியாகத் தூக்கியிருக்க மாட்டேன். தூக்கிக் காட்டினால் இவர்கள் இருவரும் நாளைக்குத் தூக்குவார்கள்."

பிறகு அந்தப் பெண்களைக் கையசைத்துக் கூப்பிட்டார். மேட்ரன் நின்றுகொண்டிருக்கும்போதே, யார் எங்கே நிற்பது என்று அவர்களுக்குச் சொன்னார். காலை அகட்டி நிற்கச் சொன்னார். "ஏக், தோன், தீன்." என் இடுப்பு எழும்பியது, பழைய விரிப்பு போயிற்று, புதியது வந்தது. ஒரு சுருக்கம் இல்லை. மேட்ரன் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

அக்டோபருக்குக் காத்திருக்கவில்லை. அந்த வாரமே டாக்டர் பார்த்தார், சீட்டு எழுதினார். வெள்ளிக்கிழமை ஒரு தகரப் பெட்டியை இடது முன்கையில் மாட்டிக்கொண்டு வார்டு வாசலில் வந்து நின்றார். ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தார். என்னிடம் வந்தபோது அழுதுவிட்டேன். பெரிய உடம்புக்காரன் அழுதால் பார்க்கச் சகிக்காது.

"எதுக்கு அழுதிய? நீங்க கனம்னு நான் போகல. மாமிட்ட சொல்லுங்க, பாதுஷா அருமைன்னு."

சிஸ்டர் வைத்த கட்டைகளை எடுத்துக்கொண்டு போய் ஸ்டோரில் போட்டார்கள். வார்டு மறுபடி ஒரே வரிசையாக, ஒரே உயரத்தில் ஆயிற்று. கம்பளிக் கரைகளும் போய்விட்டன. அவர் பட்ட பாடெல்லாம் வீண் என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை. அந்தப் பயிற்சிப் பெண்களில் ஒருத்தி, தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாளே அவள், விரிப்பு மாற்ற என்னிடம் வந்தாள். தனியாக வந்தாள். இரண்டாவது ஆள் இல்லை, நேரம் இல்லை, மேட்ரன் உத்தரவு. பாவம், குனிந்தாள். அந்தத் தாழ்ந்த கட்டிலில் இரண்டாக மடிந்து, என் இடுப்புக்கு அடியில் கைகளைச் செருகினாள்.

"தாம்பா!"

காகாவின் குரல். படுத்தபடியே கத்தினார். அந்தப் பெண் திடுக்கிட்டுக் கையை எடுத்தாள்.

நானும் சொன்னேன். "தாம்பா!" எனக்கு மராத்தியில் வேறு வார்த்தைகள் அவ்வளவாக வராது, இது நன்றாக வந்தது. ஐந்தாம் நம்பர் கட்டிலிலிருந்து ஒரு குரல். பிறகு பன்னிரண்டாம் நம்பர். கை கட்டுப்போட்டவர், தலை கட்டுப்போட்டவர், குஜராத்தி, தெலுங்கர் எல்லாரும் சொன்னார்கள். இன்னொரு நர்ஸ் ஓடி வரும் வரை நிறுத்தவில்லை. சத்தம் கேட்டு மேட்ரன் வாசலுக்கு வந்தார். நர்ஸுக்குச் சீட்டு எழுதலாம். இருபத்திரண்டு நோயாளிகளுக்கு என்ன எழுதுவது? சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். நான் அந்த வார்டில் இருந்த கடைசி நாள் வரை யாரையும் யாரும் தனியாகத் தூக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கோலூன்றி நடக்கப் பழகின பிறகு, நானும் என் மனைவியும் அவரைத் தேடிக்கொண்டு தாராவிக்குப் போனோம். மாஹிம் பக்கம் ஒரு சின்ன மருந்துக்கடை டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மருந்துக் கலவை அளந்து கொடுக்கிற வேலை, சம்பளம் பாதி. மேஜை அவர் இடுப்பு உயரத்துக்குச் சரியாக இருந்தது. அதற்கும் அடியில் நான்கு கட்டை. என்னைப் பார்த்ததும் முதலில் வயிற்றைத்தான் பார்த்தார்.

"கொறஞ்சிருக்கே. மாமி, நல்லா வச்சிருக்கிய."

வார்டில் நடந்ததைச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை, அந்தப் பெண், குனிந்தது, சத்தம், எல்லாவற்றையும். அவர் இடது கையால் வலது கட்டைவிரலைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கண் கலங்கவில்லை. எனக்குத்தான் கலங்கியது.

"மொதல்ல யாரு சொன்னது?"

"காகா."

"நீங்க?"

"ரெண்டாவதா நான் சொன்னேன்."

அவர் மருந்துக் குப்பியை முன்கையில் அணைத்து எடுத்து வைத்துவிட்டு, சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"ரெண்டு பேரு ஆச்சா? அப்ப நாலு கை வந்துட்டு. போதும் சாமி" என்றார்.